ஒன்பதாவது ஷரத்து

எங்கள் கடை ஷட்டருக்கு இரண்டு பூட்டு. இடது பூட்டின் சாவி என்னிடம், வலது பூட்டின் சாவி யூசுஃபிடம். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் அவன் வீட்டுக்குப் போய், ஒரு சாயா குடித்துவிட்டுச் சாவியை வாங்கி வருவான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். அந்த வியாழக்கிழமை காலையில், நான் போகாமலே, அவன் பெண்சாதி நூர்ஜஹான் கடை வாசலுக்கு வந்து சாவியை நீட்டினாள்.

"அவுஹ குடுத்துட்டு வரச் சொன்னாஹ."

உடம்புக்கு என்ன என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்காஹ என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, தாபோடி ஸ்டேஷன் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். சாவியை அவளே கொண்டுவந்தால், நான் அவர்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று அர்த்தம்.

கடை என்றால் பட்டாளத்துக்காரர்கள் வாங்கும் இரும்பு டிரங்குப் பெட்டி, படுக்கை சுருட்டும் ஹோல்டால், கேன்வாஸ் பை. விற்பது நான். பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் நம்பரும் எழுதுவது யூசுஃப். எண்பத்தொன்றில் மேலப்பாளையத்திலிருந்து ஒரே ரயிலில் இந்த வடக்கத்தி ஊருக்கு வந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பிஸ்மி சொல்லித் திறந்தோம். பத்திரமா, கையெழுத்தா, ஒரு மண்ணும் கிடையாது. எழுதிக்கொள்வோமா என்று ஒருவன் கேட்டிருந்தால் மற்றவன் அன்றைக்கே ஊருக்கு ரயிலேறியிருப்பான். என்னை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் அண்ணனைச் சொல்லும் சொல்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் பிசினஸ் ஸ்டடீஸ். என் மகள் ஃபரீன் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்திருந்தாள். கடை நடத்த ஒரு பாடம், அதற்கு ஒரு புத்தகம், அதற்கு ஒரு மிஸ் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டு வியாபாரப் பத்திரம் ஒன்றை மாதிரிக்குத் தயாரித்து வர வேண்டும் என்று புராஜெக்ட் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் ஏதோ கற்பனைக் கம்பெனியை வைத்து ஒப்பேற்றியபோது, இவள் மட்டும் நிஜக் கடை, நிஜப் பெயர் என்று கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். லாபம் எப்படி என்றாள். பாதிப் பாதி என்றேன். சண்டை வந்தால் என்றாள். வராது என்றேன்.

"யூசுஃப் சாச்சா மவுத்தாயிட்டா, மத்லப், இறந்துபோயிட்டா, கடை யாருக்கு வாப்பா?"

"கடைய நான் பாத்துக்கிடுவேன், அவன் வீட்டையும் நான் பாத்துக்கிடுவேன். இதெல்லாம் ஒரு கேள்வியாடி" என்று சொல்லிவிட்டு மீனில் முள் எடுக்கப் போய்விட்டேன். நான் மவுத்தானால் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. போன நோன்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் விழுந்தவன் யூசுஃப்தானே.

செவ்வாய்க்கிழமை ஃபரீன் அவனிடம் கையெழுத்து வாங்கக் காகிதத்தைக் கொண்டுபோயிருக்கிறாள். வச்சிட்டுப் போ என்றிருக்கிறான். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றையும் அச்சடித்த மாதிரி எழுதுவானே தவிர, ஒரு வரியைச் சேர்த்துப் படிக்க அவனுக்கு வராது. ஆனால் தன் பெயரைத் தெரியாமலா இருக்கும்? காகிதத்தைப் பக்கத்துச் சந்து டைப்பிங் கடையில் கொடுத்து இந்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறான். புதன்கிழமை டைப்பிங் கடைக்காரரே என்னிடம், கடையைப் பிரிக்கிறீர்களா என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யூசுஃப் அன்று முழுக்கக் குனிந்தே பெட்டிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஃபரீனை உட்கார வைத்து, அவளிடமிருந்த நகலை வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். ஒன்பதாவது ஷரத்து வந்தது. யூசுஃப் இறந்துபோனால் கடை முழுவதும் ஷேக் முகைதீனை, அதாவது என்னைச் சேரும். அத்துடன் முற்றுப்புள்ளி.

"அவன் வீட்டையும் பாத்துக்கிடுவேன்னு சொன்னேனே, அது எங்கடி?"

"அது பார்ட்னர்ஷிப் டீட்ல வராது வாப்பா. எவ்ளோ, எத்தனை வருஷம்னு இருந்தாத்தான் போடணும். சும்மா பாத்துக்கிடுவேன்னா கோர்ட்ல நிக்காதுன்னு மிஸ் சொன்னாங்க."

கோர்ட்டாம் கோர்ட்டு. நான் போட்ட சத்தத்தில் பிள்ளை அழுதுவிட்டாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? தன் சாவுக்கு நான் காத்திருக்கிறேன் என்று யூசுஃப் நினைத்திருப்பான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன்.

வியாழக்கிழமை தனியாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பெயர் எழுதக் கேட்டு வந்தவர்களிடம் நாளைக்கு நாளைக்கு என்றேன். நாளைக்கு வருவானா என்பது எனக்கே தெரியவில்லை. அவனிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் கையும் களவுமாக மாட்டியவன் பேச்சு மாதிரியே இருந்தது. நாலு மணிக்கு ஃபரீன் ஸ்கூல் பையோடு வந்து மூலையில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே யூசுஃப் வந்தான். காகிதத்தை ஒரு பெட்டியின் மேல் வைத்தான்.

"முகைதீன் பாய், பிள்ளைக்கு இதைச் சனிக்கிழமை குடுக்கணுமாமே."

தெருவே என்னை பாய் என்று கூப்பிடுகிறது. அவன் வாயில் காக்காவுக்குப் பதில் அது வந்ததும் கன்னத்தில் அறை வாங்கியது போல் இருந்தது. அல்லா மேல ஆணையா என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஆணையெல்லாம் எதுக்கு? காலையில ஸ்கூலுக்குப் போற வழியில பிள்ளை எங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுப் போச்சு. நீங்க சொன்னதை நான் நம்புதேன். அதையே எழுதிருங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. இதைவிட வேறென்ன வேண்டும்? "எழுதுடி" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

ஃபரீன் பேனாவைத் திறந்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டாள். "சாச்சா வீட்டுக்குப் பாதி லாபமா வாப்பா, இல்ல மாசம் இவ்ளோன்னா? எத்தனை வருஷத்துக்கு?"

பாதி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் பெயர் எழுத வேறு ஆள் வைக்க வேண்டுமே, அவன் சம்பளம் யார் பங்கில் என்று ஒன்று வந்தது. யூசுஃபின் கடைசிப் பையனுக்கு ஏழு வயசு, அவன் தலையெடுக்கும் வரைக்குமா என்று ஒன்று வந்தது. எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் இதையெல்லாம் யோசிக்காத மனசு அந்த நேரம் பார்த்தா யோசிக்க வேண்டும்? எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"சொல்லுங்க வாப்பா" என்றாள் ஃபரீன்.

யூசுஃப் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். அது காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே, எதையும் தொடாமல் நின்றிருந்தது.