அம்மா கிள்ளிய பன்னிரண்டு இலைகள்

பன்னிரண்டு தொட்டியிலும் அடி இலையைக் காணோம்.

"யாரும்மா கிள்ளுனது?"

"நான்தான்டி. எல்லாம் ஓட்ட ஓட்டயா இருந்திச்சு. புழு குத்தியிருக்குன்னு கிள்ளி ஆட்டுக்குப் போட்டுட்டேன்" என்றாள் அம்மா, பெருமையாக வேறு.

புழுவாம்! ஊசியால் குத்திப் பூஞ்சைத் தண்ணீர் வைத்ததே நான்தான். அது 2006 மார்ச், எனக்கு எம்.எஸ்சி. கடைசி வருஷம். காலேஜ் நிழல்வலை காற்றில் கிழிந்துபோனதால், வெள்ளரித் தொட்டிகளை மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, திங்களன்று குத்திவிட்டுப் பாண்டிச்சேரி ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். செடியின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. பூஞ்சை தொட்டதும் அந்தக் கொழுப்பிலிருந்து ஏதோ கழன்று, மேல் இலைகளை உஷார்ப்படுத்துகிறது என்று காட்டுவதுதான் என் புராஜெக்ட். அதற்கு அடி இலையை அரைத்துக் கொழுப்பைப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் பட்டம் கிடையாது.

"என் ஒரு வருஷத்த ஆட்டுக்குப் போட்டுட்டியே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அழுதேன். அம்மா முகம் சுருங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பிவிட்டாள்.

நாசமாய்ப் போகட்டும் என்று மிச்ச இலைகள் மேலெல்லாம் பூஞ்சையைத் தெளித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், சுவர் ஓரத்து ஆறு செடியும் புள்ளி புள்ளியாய்க் கருகியிருந்தன. வாசல் பக்கத்து ஆறும் பளபளவென்று நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர்தான்.

"அம்மா, எல்லாத்தையும் ஒரே நாள்லயா கிள்ளுன?"

அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "செவ்வாக்கெழம செவுத்துப் பக்கம் கிள்ளுனேன். அதுக்குள்ள ராஜாங்கம் மேஸ்திரி உப்பளத்துல உப்பு வாரக் கூப்ட்டாரு. மிச்சத்த சனிக்கெழமதான் கிள்ளுனேன். ஏன், அதுக்கும் கத்தப் போறியா?"

அவளை அப்படியே தூக்கிச் சுற்றினேன். செவ்வாய்க்குள் உஷார்ச் சேதி அடி இலையை விட்டுக் கிளம்பவில்லை. சனிக்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது!

கைடு செல்வநாதன் சாருக்குப் போன் போட்டேன். "பிரமாதம், அனுஷியா! இன்னொரு தடவ செஞ்சு காட்டும்மா. கிள்ளுற கை மட்டும் மாறக் கூடாது. இந்தத் தடவ இலைய எங்கிட்ட கொண்டா, கொழுப்பப் பிரிச்சுடலாம்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "அன்னைக்கு அந்தக் கத்து கத்துனியே. இப்ப கெஞ்சு, பாக்கலாம்" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

கெஞ்சினேன். மன்னிப்பும் கேட்டேன். அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் ஆட்டைக் கட்டினாள்.