முக்கால் மில்லிமீட்டர்

கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, பட்டறை மேசையை ஒழுங்குபடுத்தலாம் என்றுதான் அளவுக்காரி உட்கார்ந்தாள். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவன் அவன்தான். எதைக் கையில் எடுத்தாலும் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படி அளந்து பார்த்திருந்தா, இவ என்னைக் கட்டியிருக்கவே மாட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வாடிக்கையாளர்களும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள்.

பட்டறை என்றால், வீட்டின் பின்பக்கம் தகரம் வேய்ந்த நீளமான ஓர் அறை. பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து, செத்த பாகங்களை மாற்றி, மறுபடி ஓடவைப்பது புருஷன் பெண்டாட்டி இருவரின் தொழில். பிரிப்பதும் பூட்டுவதும் அவன். எந்தப் பாகம் எதற்குச் சேரும் என்று கண்டுபிடிப்பது அவள். கம்பெனியே மறந்துபோன வண்டிக்குப் புதுப் பாகம் எங்கே கிடைக்கும்? ஒரே மாடல், ஒரு வருஷம் பிந்தி வந்தது என்று நம்பி வாங்கினால், கிளட்ச் கேபிள் விரல் நீளம் குறைந்திருக்கும். போல்ட்டின் மரை வேறாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல். பூட்டிய பிறகுதான் குணம் தெரியும்.

இன்று அவன் எடுத்துப்போனது சிவப்பு டேங்க் வைத்த இரட்டை சிலிண்டர் வண்டி. மலைக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவருடையது; அவரிடம் ஒப்படைக்கப் போகிறான். முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் விரிசல் விட்டிருந்ததால், ஒரு வருஷம் பிந்திய வண்டியின் ஹப்பை வாங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு ஹப்புக்கும் ஒரே அளவு பேரிங்தான். ஆனால் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்கும் இரும்புக் குழாய், பட்டறைப் பேச்சில் புஷ், அது மட்டும் வேறு. புது ஹப்புக்கான புஷ் முக்கால் மில்லிமீட்டர் நீளம் கூட. அதைக் கண்டுபிடித்தவளே அளவுக்காரிதான். பழைய ஹப்போடு பழைய புஷ், புது ஹப்போடு புது புஷ் என்று தனித்தனித் தட்டில் வைத்திருந்தாள்.

இனிமேல் உதவாத பழைய ஹப்பைப் பரணில் ஏற்றிவிடலாம் என்று தட்டை எடுத்தாள். அதிலிருந்த புஷ்ஷைக் கை பழக்கதோஷத்தில் வெர்னியருக்குள் வைத்தது.

அளவு கூடுதலாகக் காட்டியது.

முனையில் அழுக்கு ஒட்டியிருக்கும் என்று சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். புஷ்ஷைத் திருப்பிப் போட்டும் அளந்தாள். அதே அளவுதான். அப்படியானால் கையிலிருப்பது நீளமானது. குட்டையானது வண்டிக்குள் போய்விட்டது.

புஷ் குட்டையாக இருந்தால், சக்கர அச்சான ஆக்சிலின் நட்டை முறுக்க முறுக்க இரண்டு பேரிங்கும் உள்பக்கமாக நெரிபடும். உள்ளே இருக்கிற குண்டுகளுக்கு மூச்சு விட இடமிருக்காது. கொஞ்ச தூரம் ஓடும். சூடேறும். பிறகு பேரிங் நொறுங்கும். அதுவும் முன்சக்கரத்தில்.

காலையில் அவன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தது ஞாபகம் வந்தது. "கொஞ்சம் இறுக்கமா சுத்துற மாதிரி இல்ல?" என்று கேட்டான். "பிரேக் ஷூ புதுசு, அதான் உரசுது. ஓட ஓட சரியாயிடும்" என்று சொன்னது அவள். அளக்காமல் சொன்ன ஒரே வார்த்தை.

கைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அவளே. அடுத்ததாக நாத்தனாருக்கு அடித்தாள். கணவனின் தங்கை, ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவள். கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"வேனை எடுத்துக்கிட்டு உடனே வா. உங்க அண்ணன் வண்டில முன்சக்கரம் சரியில்ல. மலைப்பாதை ஏறுறதுக்குள்ள பிடிக்கணும்."

மறுமுனையில் ஒரு கேள்வியும் வரவில்லை. "வாசல்ல நில்லுங்க அண்ணி" என்ற குரலோடு இணைப்பு அறுந்தது.

வேன் முழுக்க வெந்த மாவின் வாசனை. பின்னால் காலித் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. நாத்தனார் ஓட்டுகிற அழகு தெரிந்ததுதான். லாரிகள் ஒதுங்கி வழிவிடும். இன்று அந்த வேகம்கூடப் போதாது போலிருந்தது. அளவுக்காரி ஒரு கையில் புஷ்ஷை இறுகப் பிடித்தபடி, மறுகையால் திரும்பத் திரும்ப எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னதான் ஆச்சு, சொல்லுங்களேன்."

"ஒரு புஷ் மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா? உங்க பட்டறையிலயா? ஆணியைக்கூட அளந்து வெக்கிற ஆளாச்சே நீங்க." பாதை வளையத் தொடங்கியது. ஒரு பேருந்தைத் தாண்டிவிட்டு அவளே தொடர்ந்தாள். "அப்படி மாற சான்ஸே இல்ல அண்ணி. ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு சாமானையும் நான்தானே மண்ணெண்ணெயில கழுவினேன். கண்ணாடி மாதிரி துடைச்சு, எடுத்த இடத்துலயே திருப்பி வெச்சேன்."

பட்டறையில் புஷ்ஷை அளந்து பார்த்த கணத்திலேயே அளவுக்காரிக்குப் புரிந்துபோயிருந்தது. இரண்டு புஷ்ஷும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் முங்கி எழுந்து, இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. கழுவியவளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதை இப்போது சொன்னால்? இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் பள்ளம், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது நாத்தனாரின் கை.

"எப்படியோ மாறிடுச்சு" என்றாள். "நீ ரோட்டைப் பாரு."

"எங்க அண்ணனுக்கு ஏதாவது ஆச்சு..." என்று தொடங்கிய நாத்தனார் முடிக்கவில்லை. கியரை மாற்றி ஏற்றத்தில் மிதித்தாள்.

மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் மண் சரிந்து பாதி சாலையை எடுத்துப்போயிருந்தது. செப்பனிடும் வேலை நடந்ததால் ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முன்முனையில், இரண்டு லாரிகளுக்கு முன்னால், வெயிலில் ஒரு சிவப்பு டேங்க் மினுங்கியது. பைக்காரர்களின் வழக்கப்படி சந்துபொந்தில் நுழைந்து முன்னால் போய் நின்றிருந்தான்.

"அதோ!" என்று கத்தினாள் நாத்தனார்.

அளவுக்காரி கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். லாரிகளுக்கும் பாறைக்கும் நடுவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவனின் பேரைச் சொல்லி, அந்த மலைக்கே கேட்கும்படி கத்தினாள். அவன் தலையிலோ கனத்த ஹெல்மெட். காலடியில் இரட்டை சிலிண்டரின் உறுமல். சாலையை மறித்து நின்ற கொடிக்காரன் சிவப்புக் கொடியை இறக்கிப் பச்சையை உயர்த்தினான். வண்டி கிளம்பிவிட்டது. கைக்கு எட்டும் தூரத்துக்கு இன்னும் ஒரு லாரி நீளம்தான் இருந்தது.

"நிறுத்துங்க! அந்த சிவப்பு பைக்கை நிறுத்துங்க!" கொடிக்காரனின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"யாரும்மா நீ? திருட்டு வண்டியா?"

"என் வீட்டுக்காரர். முன்சக்கரம் ஒடிஞ்சுடும். அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் சொல்லுங்க, ஐயா."

அவள் முகத்தைப் பார்த்தவன் அதற்குமேல் கேட்கவில்லை. பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிவப்பைத் தூக்கி லாரிகளைத் தடுத்தான். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனான். "டேய், சிவப்பு பைக் ஒண்ணு வருது. மறிச்சு நிறுத்து. சக்கரம் மோசமாம்."

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. "சரிண்ணே. இன்னும் வரல."

காத்திருந்தார்கள். பின்னால் ஹாரன்கள் அலறின. பள்ளத்துப் பக்கம் தடுப்பு என்று இருந்தவை தகர டிரம்கள் மட்டுமே. அந்தத் துண்டுச் சாலையைக் கடக்க ஒரு பைக்குக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"வந்துச்சாடா?"

"இல்லண்ணே. சத்தமே காணோம்."

கொடிக்காரன் அவளைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். அது போதுமாக இருந்தது. அவள் சரளைக்கல்லில் ஓட ஆரம்பித்தாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. டிரம்களுக்கு இடையே இடைவெளி தென்படும்போதெல்லாம் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கீழே புதரும் பாறையும் மட்டும்தான். பார்த்துவிட்டு ஓடுவாள், அடுத்த இடைவெளி வரும், பார்க்காமல் போய்விடலாமா என்று கால் தயங்கும், ஆனாலும் பார்ப்பாள்.

வளைவைத் தாண்டியதும் கண்ணில் பட்டது. வண்டி பள்ளத்துப் பக்கம் இல்லை. பாறைப் பக்கம் சாய்ந்து கிடந்தது. டேங்க் நசுங்கியிருந்தது. அதன் அருகே ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது தோளை வலதுகையால் தாங்கியிருந்தான்.

"நீ எப்படி இங்க?" என்றான், வீட்டுக் கூடத்தில் கேட்பதுபோல.

தலை, கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆஹா, அளக்க ஆரம்பிச்சுட்டா" என்றான். சிரிக்கப் போய் வலியில் முகம் சுளித்தான். "திடீர்னு ஹேண்டில் ஆட ஆரம்பிச்சுது. பள்ளத்துல போறதைவிடப் பாறைல மோதிக்கலாம்னு இந்தப் பக்கம் ஒடிச்சேன். ஹப்பைத் தொடாத, கொதிக்குது."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் பக்கத்திலேயே சரளையில் உட்கார்ந்து, அடக்க முயற்சிகூடச் செய்யாமல் அழுதாள்.

கொடிக்காரன் வழிவிட்டதில் ரொட்டி வேன் முதலில் வந்தது. நாத்தனார் இறங்கி ஓடிவந்து, அண்ணன் உயிரோடு பேசுவதைக் கண்டதும் அவனைக் கண்டபடி திட்டினாள். பிறகு வேலையாட்கள் இரண்டு பேர் கைகொடுக்க, வண்டியைத் தூக்கி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே படுக்கவைத்தார்கள். அதைக் கட்டும்போது, அளவுக்காரியின் கையில் இன்னமும் இருந்த புஷ்ஷை நாத்தனார் வாங்கிப் பார்த்தாள்.

"இதான் மாறுனதா?"

"ம்."

"இதை மாதிரி ரெண்டு இருந்துச்சே. ரெண்டையும் நான் ஒண்ணா..." வெளிறிய முகத்தோடு நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியும். வர்ற வழியெல்லாம் தெரியும்."

"நீ வளைவுல ஓட்டிக்கிட்டிருந்தே."

"அதுக்காக? நான் பாட்டுக்கு கண்ணாடி மாதிரி துடைச்சேன், அப்படி இப்படின்னு பீத்திக்கிட்டு வரேன், நீங்க கேட்டுக்கிட்டே வரீங்க."

அவன் குறுக்கே வந்தான். "விடு. சக்கரம் இறுக்கமா சுத்துதுன்னு தெரிஞ்சும் எடுத்துக்கிட்டு வந்தது நான்தான்."

"ஓடினா சரியாயிடும்னு சொன்னது நான்" என்றாள் அளவுக்காரி.

"ஆளாளுக்குப் பங்கு போட்டு என்னைத் தேத்த வேணாம்" என்றாள் நாத்தனார். கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இறக்கத்தில் வேனை மெதுவாக விட்டுக்கொண்டே நாத்தனார் கேட்டாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தத் துண்டு உள்ள என்ன வேலை செய்யுது அண்ணி?"

அளவுக்காரி சொன்னாள். பேரிங்குகளை எப்படித் தள்ளி நிறுத்துகிறது, குறைந்தால் எப்படி நெரிக்கும், முக்கால் மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று, இரண்டு கட்டைவிரல் நகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கூடக் காட்டினாள்.

"இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே. கழுவிக் குடுன்னு மட்டும்தானே சொன்னீங்க. ரெண்டும் வேறன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் ஒண்ணா போடப் போறேன்?"

அளவு தன் தலையில் இருந்தால் போதும் என்றுதான் அளவுக்காரி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். "சொல்லியிருக்கணும்" என்றாள்.

அவனுக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். கையைக் கழுத்தோடு தூளி கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாத்தனார் கொஞ்ச நாள் பட்டறைப் பக்கம் வரவில்லை. அண்ணனை மட்டும் போனில் விசாரித்தாள். பிறகு ஒரு விடுமுறை நாளில் அவளாகவே வந்து, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "எது எங்க போகுதுன்னு சொல்லிட்டு வேலை குடுங்க" என்றாள்.

அவன் ஒற்றைக்கையோடு முக்காலியில் உட்கார்ந்து வாயால் வேலை செய்தான். பெண்கள் இருவரும் ஹப்பில் புதுப் பேரிங்கை இறக்கினார்கள். நீளமான புஷ்ஷை நாத்தனாரே வெர்னியரில் வைத்து அளந்து, அளவை உரக்கப் படித்துவிட்டு உள்ளே விட்டாள். ஆக்சில் நட்டை முழுக்க முறுக்கிய பிறகு சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினாள். அது நிற்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

டேங்க்கின் நசுங்கல் எடுத்து, சிவப்பு அடித்து முடிந்ததும் மருந்துக்கடைக்காரரே வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வீடு போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்படி அளவுக்காரி அவரிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அன்று மதியம் பட்டறையில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. கைபேசி மேசைமேல் கிடந்தது. மூவரும் அதைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழைப்பு வந்தபோது நாத்தனார்தான் பாய்ந்து எடுத்தாள். கேட்டாள். தலையாட்டினாள். அவள் தோள்கள் இறங்குவதைப் பார்த்தே மற்ற இருவரும் மூச்சு விட்டார்கள்.

"போய்ச் சேர்ந்துட்டாராம். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுதாம்" என்றாள். "ஹாரன்தான் சத்தம் பத்தலையாம்."