ஐந்து காட்டெருமைகளும் ஒரு லாரியும்

பணிமனையில் அந்த லாரி ஓட்டுநரை ‘ஆமை’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாகக் கண்ணாடிச் சரக்கு ஏற்றியும் ஒரு கீறல் விழாமல் இறக்கியவர். வனத்துறைக் கால்நடை மருத்துவரம்மா அவரைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

சரக்கு, ஐந்து காட்டெருமைகள்; மலையில் திரியும் காட்டுமாடு அல்ல, சேற்றில் புரளும் நீரெருமையின் காட்டு இனம். வேட்டையாடியே தீர்த்துவிட்டதால், நூறு வருடமாக எருமைத் தடமே இல்லாத ஒரு காட்டில் அவற்றைக் கொண்டுபோய் விட வேண்டும். மூன்று நாள் பயணம். ‘எருமையைப் போய் இப்படித் தாங்குறாங்களே’ என்று முதலில் அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். வழி நெடுக மருத்துவரம்மா சொன்னதைக் கேட்கக் கேட்க, அவர் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

இரண்டாம் நாள் உச்சிவெயிலில் பாலத்தில் வேலை என்று ஒரு கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கூண்டுக்குள் மூத்த எருமை கால் மடங்கிச் சரிந்தது.

“உடம்பு கொதிக்குது. தண்ணி வேணும், உடனே,” என்றார் மருத்துவரம்மா.

எதிரில் கார் கழுவும் கடை. ஓட்டுநர் ஓடிப்போய் எருமைக்குத் தண்ணீர் கேட்டார். கடைக்காரர் குழாயை விடவில்லை.

“ஒரு எருமைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எங்க பால்காரர் கொட்டாய்ல பத்து நிக்குதே.”

“அந்தப் பத்துக்கும் பாட்டன் வம்சம் இதுதாங்க,” என்றார் ஓட்டுநர். தன் குரல் இவ்வளவு கணீரென்று வரும் என்று அவரே நினைக்கவில்லை. “ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இதுங்களைப் பழக்கித்தான் மனுஷன் சேத்துல ஏர் ஓட்டினான், பால் குடிச்சான். நாளைக்கு வீட்டு எருமைக்கு ஏதாவது நோய் வந்து இனமே நலிஞ்சா, தெம்பான ரத்தம் இதுங்ககிட்டதான் இருக்கு. காட்டுல மிஞ்சினதே கொஞ்சம். அதுல அஞ்சு என் வண்டியில இருக்கு.”

கடைக்காரர் ஒரு கணம் லாரியையே பார்த்தார். பிறகு குழாயைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துக் கடைகளிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. அரை மணி நேரத்தில் எருமை எழுந்து நின்று ஒரு சீறு சீறியது. தெருவே இரண்டடி பின்வாங்கியது.

மூன்றாம் நாள் காலை, ஆற்றங்கரைப் புல்வெளியில் கூண்டு திறந்தது. மூத்ததுதான் முதலில் இறங்கியது. கையை விரித்தாலும் எட்டாத கொம்புகளைத் தூக்கி, காற்றை மோந்தது. பிறகு விறுவிறுவென்று சேற்றில் இறங்கிப் படுத்தது. மற்ற நான்கும் பின்னாலேயே போயின.

வீட்டிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

“லோடு இறக்கியாச்சா?”

“இறக்கல. அதுங்களே இறங்கிப் போச்சு, மகாராணி மாதிரி,” என்றார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. “நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்.”