சாஸ்தாவுக்குப் போன முடி

அப்பாவின் தலைமுடியைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியவள் நான்தான். தெரியாமல் செய்ததில்லை. ஆத்திரத்தில் செய்தேன்.

அப்பாவின் பெயர் மாடசாமி. பெயரில் மட்டும்தான் சாமி. ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து பூனாவுக்கு வந்தவர். வரும்போதே சாமியை ஜங்ஷனில் இறக்கிவிட்டு ரயிலேறியதாகச் சொல்லிச் சிரிப்பார். விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்வி, "ஆதாரம் என்ன?" என்னையும் அப்படியே கேட்க வைத்து வளர்த்தார்.

எனக்கு மூன்று வயதில் டைபாய்டு வந்தது. பிழைக்கமாட்டேன் என்று டாக்டர் கைவிரித்தபோது அம்மா எங்கள் குலசாமி சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் அதன் அப்பன் பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்கு வந்து மொட்டை போடுவான் என்று. நான் பிழைத்தேன். மருந்து பிழைக்க வைத்தது என்றார் அப்பா. "எந் தலைய நேந்து விட நீ யாருட்டீ?" என்றார். அம்மா ஒவ்வொரு பங்குனிக்கும் கெஞ்சினாள். இருபத்திரண்டு பங்குனி! கடைசிப் பங்குனியில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். சாஸ்தாவை இல்லை, அப்பாவை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சித்திரையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அந்த மனிதர்தான் ஒன்பது வருடம் கழித்து, நுரையீரலில் புற்று முற்றிய பிறகு, "சாஸ்தா வந்து கட்டில் ஓரமா நிக்காரு பவுனு" என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது.

கீமோவில் முடி கொட்டத் தொடங்கியதும் தலையணையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் ஸ்ரீகண்ட் இனிப்பு வந்த பழைய டப்பாவில் சேர்த்தார். ஊருக்குப் போகத் தெம்பில்லை. போனாலும் நாவிதர் மழிப்பதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் சேர்த்ததையாவது அனுப்பிவிட வேண்டுமாம். அன்று காலை அவர் அசந்து தூங்கும்போது கட்டிலுக்கடியில் அந்த டப்பாவைப் பார்த்தேன். நரைத்த, சிக்குப் பிடித்த முடி. அம்மா கும்பிட்ட கை கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஆளந்தி ரோடு முனையிலிருந்த குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு வந்து பாத்திரம் தேய்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு விழித்தார். "ஏளா, அந்த டப்பாவ எடு. விச்சு ரெண்டு மணிக்கு வாரான்."

விச்சு என் தாய்மாமன் மகன். கடக்வாஸ்லாவில் வேலை. உத்திரத்துக்காக அன்று நாகர்கோவில் வண்டியில் ஊருக்குப் போகிறவன்.

நான் அசையவில்லை. "சாகுற நேரத்துல பயம் வந்துட்டாக்கும்? அம்மா கெஞ்சுனப்ப எங்க போனாரு உங்க சாஸ்தா?"

அவர் கோபப்படவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "எனக்கென்ன பயம்? நேந்தது உன் உசுருக்குல்லா. நான் குடுக்காமப் போயிட்டா, அவரு உன்னத் தேடில்லா வருவாரு. உங்கம்மா கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

எனக்காகவா? இந்த மனுஷன் முடி பொறுக்கியது எனக்காகவா?

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மாநகராட்சி லாரி பதினோரு மணிக்கே அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஒட்டிக் கிடந்த முட்டைக்கோஸ் தழைக்குள்ளும் சாம்பலுக்குள்ளும் இரண்டு கையையும் விட்டுத் துழாவினேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் என்ன தொலைந்தது என்று மராத்தியில் கேட்டாள். அவள் மொழியில் "பாபா", அப்பா என்று மட்டும்தான் என் வாயில் வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். படுபாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. உண்மையைச் சொன்னால் அந்தப் பயத்தோடே போய்விடுவார். கையைக் கழுவிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினேன். கடுகு வைத்திருந்த, அதே மாதிரி இன்னொரு ஸ்ரீகண்ட் டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்தேன். பிறகு பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து என் பின்னலைக் கழுத்தோடு வெட்டினேன். அது லேசில் அறுபடவில்லை. நறுக்கி நறுக்கி டப்பாவில் அமுக்கினேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

விச்சு வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். டப்பாவை அப்பாவின் கையில் கொடுத்தேன். திறக்கமாட்டார் என்று நினைத்தேன். திறந்தார்.

கருகருவென்று, தேங்காயெண்ணெய் மணத்தோடு இருந்தது என் முடி. விரலால் ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். ஆதாரம் கேட்டே எழுபது வருடம் வாழ்ந்த மனிதர். இப்போது கேட்கப்போகிறார் என்று முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாமா, இவ்ளோ கறுப்பா..." என்று விச்சு இழுத்தான்.

"எம் முடிதாம்டே" என்றார் அப்பா. "உங்கத்தை நேந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு."

மூடியை அழுத்தி மூடினார். விரலில் வலுவில்லை, மூன்று தடவை அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் டப்பாவைக் கண்ணில் ஒற்றி விச்சுவிடம் கொடுத்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, முந்தானைக்கு மேலேயே என் தலையில் கையை வைத்தார்.

விச்சு ரிக்‌ஷாவில் ஏறினான். வாசலில் நின்றவள் என்னையறியாமல் அதன் பின்னாலேயே ஆளந்தி ரோடு வரை ஓடினேன். எனக்குக் கும்பிடத் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை. புகையும் ஹாரனுமாக இருந்த அந்த ரோட்டில், கேட்க ஆள் இருக்கிறதா என்றே தெரியாமல் கெஞ்சினேன். "வாங்கிக்கோ. அது அவரு முடிதான். அவரு முடிதான்னு வாங்கிக்கோ."