பீலிக்குப் போட்ட பிழை

கடிதம் சிங்களத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிக்கும் சிவலெச்சுமிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் கண்டியில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது காதால் பிடித்துக்கொண்ட பாஷை அது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கக் கொட்டகலைக்குப் போன கையோடு, அலியார் முதலாளியின் துணிக்கடையில் இருந்த அவர் மகள் அம்னாவிடம் கடிதத்தை நீட்டினாள்.

அம்னா மனத்துக்குள் ஒருமுறை வாசித்தாள். நிமிராமல் இன்னொரு முறை வாசித்தாள்.

"என்னா புள்ள, கெட்ட சேதியா?"

"ஒண்ணாம் வகுப்புக்குச் சேக்க முந்தி பரீட்ச மாதிரி ஒண்டு வெச்சாங்களே அக்கா, அதுட முடிவு. மக யதுர்ஷிகாவுக்குப் பேச்சு வளர்ச்சி கொறவாம். மத்தப் புள்ளைகளோட படிக்க ஏலாதாம். விசேட அலகுல சேக்கச் சொல்லி ஈக்கி. அதுக்குச் சம்மதம்டு நீங்க கீழ கையெழுத்து வெக்கணும்."

சிவலெச்சுமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யது வாய் மூடாத பிள்ளை. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா, "ஒம்மக வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிக் குடு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அந்தப் பிள்ளைக்கா பேச்சு வரவில்லை? சிரிப்பு பாதியில் நின்றது. பஸ்ஸில் வரும்போது கோபம் ஏறத் தொடங்கியிருந்தது.

மறுநாள் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. நேராகப் பாடசாலைக்குப் போனாள்.

பிள்ளைகளைப் பரீட்சித்தவர் செல்வமலர் டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. நேரம் தவறமாட்டார், யார் மீதும் கை வைக்கமாட்டார். அன்று அவர் மேசைக்கு எதிரே வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சிங்கள அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதங்களை வாங்கிப்போக வந்தவர்.

"டீச்சர், எம்புள்ள என்னா தப்பா சொல்லுச்சின்னு எனக்குக் காட்டுங்க."

"அதெல்லாம் காட்டுறேல்லை அம்மா. பிள்ளைக்குச் சொல்வளம் காணாது. இப்பவே கவனிச்சா நல்லது, அவளின்ர நன்மைக்குத்தான்."

"பெத்தவகிட்ட கையெழுத்து கேக்குறீங்க. எதுக்குன்னு காட்ட மாட்டீங்களா?"

அவள் நகரவில்லை. டீச்சர் அதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, கோப்பிலிருந்து தாளை எடுத்தார்.

இடது பக்கம் படங்கள். பக்கத்தில் பிள்ளை சொன்ன பதில், அதற்கும் அப்பால் சிவப்புப் பேனையில் போட்ட பிழை. கட்டில் போட்ட அறையைக் காட்டியிருக்கிறார்கள். யது 'காம்பரா' என்றிருக்கிறாள், பிழை. வீட்டு முன்பக்கத்து விறாந்தைக்கு 'இஸ்தோப்பு', பிழை. பாறையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொட்டும் படத்துக்கு 'பீலி', பிழை. கடலைக் காட்டியபோது 'தலவாக்கலை டேம்' என்றிருக்கிறாள். ஐந்து வயதுக்குள் அவள் பார்த்த பெரிய தண்ணீர் அது ஒன்றுதான். கடைசிக் கேள்வி, காலையில் உன்னை எழுப்புவது யார்? 'சங்கு' என்று சொல்லியிருக்கிறாள். அதன் எதிரே 'தொடர்பற்ற பதில்' என்று எழுதியிருந்தது.

சிவலெச்சுமி எழுத்துக்கூட்டி வாசித்தாள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சங்கு ஊதித்தான் அவளே எழும்புகிறாள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான்.

"இதுல எது டீச்சர் தப்பு?"

"இஞ்ச பாருங்கோ. மேலையிருந்து தந்த விடைப்பட்டியலிலை இருக்கிற சொல்லுக்குத்தான் நான் புள்ளி போடேலும். காம்பரா, பீலி எல்லாம் தமிழே?"

"வேற என்னா டீச்சர்? நாங்க வேற என்னா பேசுறோம்?"

சத்தம் கேட்டு அதிகாரி நிமிர்ந்தார். என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். டீச்சர் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பதில் சொல்லத் தடுமாறிக்கொண்டிருக்கையில் சிவலெச்சுமி முந்திக்கொண்டாள். கண்டி வீட்டுச் சமையலறையில் கற்ற சிங்களத்தில் ஒவ்வொரு படமாக விரல் வைத்து, பிள்ளை சொன்னதைச் சொன்னாள்.

"பீல்ல?" என்றார் அதிகாரி. அவர் முகம் மலர்ந்தது. தன் ஊரிலும் பீல்லவில்தான் குளிக்கிறோம் என்றார். காமர, இஸ்தோப்பு, இரண்டும் தன் வீட்டிலும் இருக்கின்றன என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளை சரியாகத்தானே சொல்லியிருக்கிறது?

தமிழ் டீச்சருக்குப் புரியாத யதுவின் பேச்சு, தமிழ் தெரியாத மனிதருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பு சிவலெச்சுமியை இன்னும் எரித்தது. இவருக்கு வேடிக்கையாக இருக்கிறது. என் பிள்ளைக்கு வாழ்க்கை போகிறது.

"அதுகள் சிங்களச் சொல்லுகள். தமிழ்ப் பரீட்சையிலை எப்பிடிச் சரி போடுறது?" டீச்சரின் முகம் சிவந்திருந்தது.

"பேச்சு வரலேன்னு எழுதியிருக்கீங்க டீச்சர். புள்ள பேசினது ஒங்களுக்குப் புரியலேன்னு எழுதியிருக்கணும். மூணு வருசமா எங்க மத்தியில இருக்கீங்க. எங்க காம்பராவுக்குள்ள ஒருக்கா வந்திருக்கீங்களா?"

டீச்சர் சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

பட்டியல் மேலே போய்விட்டது, மார்ச்சில் வேண்டுமானால் மறுபடி பார்க்கலாம், அதுவரை பிள்ளை விசேட அலகில் இருக்கட்டும் என்றார் அதிகாரி. முடியாது என்றாள் சிவலெச்சுமி. இப்படி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். அவர் தாள்களை எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று பேரில் பதினான்கு.

"பதினாலு புள்ளைக்கும் பேச்சு வராதா? அப்ப எங்க தோட்டமே ஊமையா?" இதைத் தமிழில்தான் கேட்டாள். அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுபரீட்சை முடியும்வரை யாரையும் மாற்றுவதில்லை என்று எழுதித் தராமல் போகமாட்டேன் என்று அவள் கதவோரம் நின்றுகொண்டாள். முக்கால் மணி நேரம் நின்றாள். அதிகாரி கடைசியில் சிங்களத்தில் எழுதினார். அதைத் தமிழிலும் எழுதச் சொன்னாள். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அவருக்கு வளர்ச்சி குறைவு என்று எங்கேயும் யாரும் எழுதி வைத்ததில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றியது. செல்வமலர் டீச்சர்தான் பேனையை எடுத்து, அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினார். அழகான கையெழுத்து.

அன்று மாலையே சிவலெச்சுமி லயம் லயமாகப் போனாள். ஒன்பது வீடுகளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சீருடைத் துணிக்கான கடிதம் என்று அவர்களில் ஒருத்தியான பேச்சியம்மா நினைத்திருந்தாள். அடுத்த நாள், மறுபரீட்சையை உடனே வைக்கச் சொல்லி, பன்னிரண்டு பெண்கள் அதிபர் அறை முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே ஹட்டனிலிருந்து வேறொரு டீச்சர் வந்து பிள்ளைகளை மறுபடி பார்த்தார். பன்னிரண்டு பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. ஒரு பையனுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்பட்டது. பேச்சியம்மாவின் மகளுக்கு இடது காது கேட்கவில்லை. பதினான்கு பேரையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்ததில் அது யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது.

யது ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஜெயித்துவிட்டாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வாரம் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை வந்து பக்கத்தில் நின்றாள். "அது வேணும்" என்று கையை மட்டும் நீட்டினாள்.

"எதுடி?"

யது தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இதுக்கு ஸ்கூல்ல என்னா பேரு?"

"ரொட்டிடி. ரொட்டின்னு கத்திச் சொல்லு" என்று சிவலெச்சுமி அதட்டினாள். பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரொட்டி கருகுவது தெரிந்தும், கோபம் அடங்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தாள்.