சத்தம் முந்தி, வண்டி பிந்தி

லிஃப்ட் மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிள் மாலையில் வீடு வந்து சேர்வதற்கு அரை மணி நேரம் முன்பாகவே அதன் சத்தம் வந்துவிடும். மேட்டில் திணறி ஏறும், முனையில் திரும்பும், சலவைக் கடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் ஒருமுறை இருமும், பிறகு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். தெருவில் வண்டி இருக்காது. சத்தம் கடக்கும்போது நாய்கள் எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் மெக்கானிக் வீட்டு வாசலிலிருந்து கேட்காமல் எடுத்துப்போன செய்தித்தாளை மாடியில் குடியிருப்பவர் அப்போதுதான் மடித்துக்கொண்டு வந்து வைப்பார். தெரு முழுக்கத் தையலக்கா என்று அழைக்கும் மெக்கானிக்கின் மனைவி, மெஷினை மூடிவிட்டு உலை வைப்பாள். சோறு வெந்து இறங்கவும் வண்டி வரவும் சரியாக இருக்கும்.

கல்யாணமான புதிதில் தொடங்கியது இது. முதல் முறை கதவைத் திறந்து பார்த்தாள், யாரும் இல்லை, மூடிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தெருதான் அவளிடம் வந்து சொன்னது. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, தண்ணீர் வரும் நேரம் போல அதுவும் ஒரு நேரம் ஆகிவிட்டது. ஆனால் அவளுக்கு அது நேரம் மட்டும் அல்ல. அவள் சிறுமியாக இருந்தபோது முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிய அப்பா திரும்பி வரவில்லை. அன்று முதல் வீட்டிலிருந்து யார் வெளியே போனாலும் அவள் கண் வாசலுக்குப் போய்ப்போய் வரும். சத்தம் வாசலில் வந்து நின்றால் பிறகு அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். சத்தம் வந்த பிறகு வண்டி வராமல் போனதே இல்லை.

மகளுக்கு மலைமேல் இருக்கும் மூக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்த பிறகுதான் வண்டியின் வயது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அது பாதி ஏற்றத்தில் நின்றுவிடும். மகள் இறங்கி நடப்பாள். போய்ச் சேரும்போது கேட்டைச் சாத்தியிருப்பார்கள். தையலக்காவின் தம்பி பட்டறை வைத்திருந்தான். அவன் வண்டியை ஒருமுறை உதைத்துக் கேட்டுவிட்டு, சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும், கார்புரேட்டரை மாற்ற வேண்டும், புகை போகும் வளைகுழாயும் சைலன்சரும் அகலமாக வேண்டும் என்றான். மெக்கானிக் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மனைவியின் தையல் சாக்குக்கட்டியால் துணி வெட்டும் மேஜைமேல் இன்ஜினை வரைவார். காலையில் அவள் அடுத்த துணியை விரிப்பதற்கு முன் அதைத் துடைத்துவிடுவாள். பல மாதங்கள் இப்படியே போயின. இருவரும் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை.

தம்பி வந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“இன்ஜினை என்ன வேணா பண்ணிக்கோ. சைலன்சர்ல மட்டும் கை வைக்காதே.”

“பெரிய பிஸ்டனைப் போட்டுட்டுப் பழைய குழாயை மாட்டினா, மூக்கைப் பொத்திக்கிட்டு மாடி ஏறுற மாதிரிக்கா. சூடாகி உட்கார்ந்துடும்.”

“உன் மாமா மூக்கும் கல்யாணம் ஆனதுலேருந்து அடைச்சுத்தான் இருக்கு. நல்லாத்தானே குறட்டை விடுறாரு?”

தம்பி சிரித்தான். ஆனாலும் அக்காவுக்காகச் சோதித்துப் பார்த்தான். வண்டியை அவன் ஓட்டி வந்தபோது சத்தம் அவனோடுதான் வந்தது. மாமா வேறு வண்டியில் வந்தபோதும் அப்படியே. சைலன்சரைக் கழற்றி வேறொன்றில் மாட்டினான், அது வெறும் சைலன்சராக இருந்தது. அந்த ஆளும் அந்த வண்டியும் சேர்ந்தால்தான் சத்தம் முந்தியது.

“எதைக் கழற்றினா அது போகும்னு எனக்குத் தெரியலைக்கா.”

“போயிட்டா திரும்ப வருமா?”

அவன் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு மெக்கானிக் சைலன்சரை வரைவதை விட்டுவிட்டார். பிஸ்டன், கார்புரேட்டர், வளைகுழாய் வரைக்கும் வந்து சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிடுவார். அப்படி ஒரு நாள் மகள் அறுந்த செருப்போடு வீட்டுக்கு வந்தாள். ஏற்றத்தில் நடந்து நடந்து வார் பிய்ந்திருந்தது. தையலக்கா அதை மெஷினில் வைத்துத் தைத்தாள், இரண்டு ஊசி உடைந்தது. “இன்னொரு தடவை லேட்டானா வர வேண்டாம்னுட்டாங்கம்மா” என்றாள் மகள், செருப்பைப் பார்த்துக்கொண்டே. மறுநாள் காலை தையலக்கா மேஜையைத் துடைக்கவில்லை. சாக்குக்கட்டியை எடுத்து, கணவர் காலியாக விட்டிருந்த இடத்தில் அகலமான சைலன்சர் ஒன்றை வரைந்தாள். அளவெடுத்துத்தான் வரைந்தாள். அன்று துணி எதையும் வெட்டவில்லை.

வண்டி வேலை ஒரு வாரம் நடந்தது. அந்த வாரம் தம்பி பட்டறையைத் தாமதமாகத் திறந்துகொண்டு மகளைத் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். அடுத்த திங்கட்கிழமை அப்பாவும் மகளும் புது இன்ஜினில் கிளம்பினார்கள். மாலையில் சத்தம் வர வேண்டிய நேரத்துக்கு அது வரவில்லை. நாய்கள் நடுத்தெருவில் எழுந்து நின்றன. மாடிக்காரர் செய்தித்தாளோடு படியில் பாதி இறங்கி நின்றார். தையலக்கா உலை வைக்கவில்லை. அரிசியைக் களைந்தாள், மறுபடியும் களைந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். பிறகு தெருவுக்கு வந்து நின்றாள். அப்போது முனையில் வண்டி திரும்பியது. மேல்மூச்சு கீழ்மூச்சு இல்லாமல், உருண்டு வரும் பந்தைப் போல, ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. இருவரும் அதன்மேல் இருந்தார்கள்.

“ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றாள் மகள்.

தையலக்கா சைலன்சரைத் தொட்டாள். விரல் சுட்டது. பிறகு கணவரின் தோளைத் தொட்டாள்.

“இன்ஜின் ஓடுச்சா, தள்ளிக்கிட்டு வந்தீங்களா மாமா?” என்றான் பின்னாலேயே வந்த தம்பி.

“மூணாவது கியர்ல மேடேறிச்சு, மாப்பிள்ளை.”

கை கால் கழுவி அவர்கள் உட்கார்ந்த பிறகு சத்தம் வந்தது. புதுக் குரல், கனமான குரல். மேட்டில் திணறவில்லை. பள்ளத்தில் மட்டும் பழைய பழக்கத்தில் ஒருமுறை இருமியது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த வண்டியின் பக்கத்தில் வந்து நின்று அடங்கியது. வண்டி முந்திவிட்டது, சத்தம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். தம்பி எழுந்து காதைத் தடவிக்கொண்டான். கார்புரேட்டரைக் கொஞ்சம் இறுக்கினால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்துவிடலாம் என்றான்.

“வேணாம்டா” என்றாள் தையலக்கா. “ஆளு வந்தாச்சு. சத்தம் மெதுவா வரட்டும்.”

பிறகு பல வருடங்கள் அது அப்படியே வந்துகொண்டிருந்தது. மாடிக்காரர் இரண்டு முறை கையும் செய்தித்தாளுமாக மாட்டிக்கொண்டு, சொந்தமாக ஒன்று வாங்கத் தொடங்கினார். மகள் வேலையில் நிரந்தரமானாள், பிறகு தன் சம்பளத்தில் சொந்த வண்டி வாங்கினாள், அதன் சத்தம் ஒழுங்காக அதோடு வந்தது. மெக்கானிக் வந்து சாப்பிட்டு, கால் நீட்டிப் படுத்து, சில நாள் தூங்கியும் போயிருப்பார். தையலக்கா கேட்டைத் திறந்தே வைத்திருப்பாள். சத்தம் உள்ளே வந்ததும் போய்ச் சாத்தித் தாழ் போடுவாள்.