முப்பத்தெட்டாவது மீட்டர்

காலை ஏழு மணியிலிருந்து அவள் கல் பெட்டிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தகரக் கொட்டகை முழுக்க வரிசையாக மரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து தடங்கள், தடத்துக்கு ஒரு மீட்டர் கல். மலைமேல் மிஷின் வைத்துத் துளைபோட்டு, பூமிக்குள்ளிருந்து உருவி எடுத்த உருளைக் கற்கள் அவை. குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றினால் கல்லின் நிறமும் படிவுக் கோடுகளும் பளிச்சென்று தெரியும். அது காய்வதற்குள் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்து எழுதிவிட வேண்டும். முழங்கால் மரத்துப்போனால் அடுத்த பெட்டிக்கு நகர்வாள். அதுதான் அவளுக்கு ஓய்வு.

அந்த மலைக்கு அடியில் சாலைக்காகச் சுரங்கப்பாதை தோண்டப் போகிறார்கள். எந்த இடத்தில் கெட்டிப் பாறை, எந்த இடத்தில் இளகின மண், எங்கே இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் எழுதும் தாளை வைத்துத்தான் முடிவாகும். மிஷின் ஆட்கள் அவளுக்கு 'கல்லு டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பிடித்துப்போனது.

பல்கலைக்கழகத்தில் கேட்ட பாடம் கிடைக்காமல், மிச்சமிருந்த இடத்தில்தான் அவள் நிலவியல் சேர்ந்தாள். கல்லைப் படிக்கக்கூடவா காலேஜ் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். ஜல்லி லாரி ஓட்டும் அண்ணன் மட்டும், "நான் கல்லச் சுமக்கறேன், நீ கல்லப் படி. வீட்டுல எல்லாருக்கும் ஒரே தொழிலா இருக்கட்டும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டான். முதல் வருடமே கையில் சுத்தியலைக் கொடுத்து மலையேற்றினார்கள். பாறையின் சாய்வை அளந்து, அது மலையின் அந்தப் பக்கம் எங்கே வெளியே வரும் என்று தாளில் கணக்குப் போட்டு, மறுநாள் நடந்துபோய்ப் பார்த்தபோது சொன்ன இடத்திலேயே பாறை இருந்தது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு அந்தப் படிப்பைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை.

படித்து முடித்து ஐந்து வருடமாக ஒப்பந்த வேலை. இந்த ரிப்போர்ட் முடிந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லியிருந்தார். இப்போதைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. அம்மா தினமும் போனில் அதையேதான் கேட்டாள்.

ஏழாம் துளையின் எட்டாவது பெட்டியில் அவள் கை நின்றது. முப்பத்தெட்டாவது மீட்டர். அதுவரை எல்லாக் கல்லிலும் கோடுகள் வலப்பக்கம் படுத்த மாதிரி சாய்ந்திருந்தன. இங்கே இரண்டு துண்டுகளில் மட்டும் கோடு ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நின்றது. நடுவில் மெல்லிய வெள்ளை இழை ஒன்று ஓடியது. இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்துப் பக்கத்துக் கல்லோடு பொருத்திப் பார்த்தாள். முறிந்த வாய் ஒட்டவில்லை. அந்த வெள்ளை இழையை அவளுக்குத் தெரியும். மூன்றாம் துளையில் பார்த்து, அவள் கையாலேயே எழுதியது. எழுந்துபோய் மூன்றாம் துளையின் பெட்டியைத் திறந்தாள். அந்த இடத்தில் மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள்.

அவள் மலைமேல் ஏறிப்போனபோது மிஷினுக்குப் பக்கத்தில் மிஷின்காரர் கைத் துணியால் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாகத் துளை போடுகிறவர்.

"அண்ணே, ஏழாம் நம்பர்ல வேற கல்ல வெச்சிருக்கீங்க."

அவர் நிமிரவில்லை. "ஆமாம்மா."

"அங்க என்ன வந்துச்சு?"

"கல்லு வரல. தண்ணி மஞ்சளா கலங்கி வந்துச்சு. களிமண்ணும்மா. கொழகொழன்னு எல்லாம் கரைஞ்சு போச்சு. ஒன்றரை மீட்டர் இருக்கும்."

"சுரங்கம் அந்த ஆழத்துலதான்ணே போகுது. தெரிஞ்சுமா இப்படிச் செஞ்சீங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்க நிற்கவில்லை. ஆத்திரத்தில் காது அடைத்திருந்தது. கொட்டகைக்கு இறங்கி வந்து கடிதம் எழுதினாள். முப்பத்தெட்டாவது மீட்டரில் ஒன்றரை மீட்டர் களிமண், அந்த இடத்தில் மறுபடி துளை போட வேண்டும் என்று ஒரு பத்தி. மிஷின்காரர் வேறு துளையின் கற்களை வைத்து ஏமாற்றியிருக்கிறார் என்று இன்னொரு பத்தி. மேனேஜருக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

மேனேஜர் மறுநாளே கொட்டகைக்கு வந்தார். அவள் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். மதியத்துக்குள் மிஷின்காரரை வேலையைவிட்டு நிறுத்தியாயிற்று. அவர் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைத் தாண்டிப் போனபோது அவள் குனிந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்த தப்புக்குத் தண்டனை என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து, அச்சடித்த ரிப்போர்ட் அவள் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. முப்பத்தெட்டாவது மீட்டருக்கு எதிரே இப்படி இருந்தது: 'கெட்டிப் பாறை. மிஷின்காரரின் கவனக்குறைவால் கல் இழப்பு. அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.'

அவள் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், நான் களிமண்ணுன்னு எழுதியிருந்தேன்."

"களிமண்ண நீங்க பாத்தீங்களாம்மா?"

"அதான் தண்ணில கரைஞ்சு போயிடுச்சே சார். அவர் பாத்திருக்காரு."

"யாரு, கல்ல மாத்தி வெச்சாரே, அவரா?" மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "அவர் ஏமாத்துக்காரர்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. அவர் பேச்ச வெச்சு நான் மேல என்ன சொல்ல முடியும்? மறுபடி துளை போடணும்னா ரெண்டு மாசம் தள்ளிப்போகும். கையெழுத்துப் போடுங்க. உங்க பெர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கு."

வெளியே வந்து மிஷின்காரருக்குப் போன் போட்டாள். நாலாவது தடவைதான் எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"அண்ணே, களிமண் வந்தத நீங்க பாத்தீங்கன்னு ஒரு வார்த்தை எழுதித் தரணும்."

"எழுதலாம்மா. நம்பறதுக்கு ஆள் வேணுமே." குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார். "பெட்டியில இடைவெளி தெரியக்கூடாது, எதையாவது வெச்சு அடைன்னு சொன்னது உங்க மேனேஜர்தான். யார் சொல்லி வெச்சேன்னு நீங்க அன்னைக்குக் கேக்கவே இல்லியே."



"மன்னிச்சுடுங்கண்ணே."

"விடுங்கம்மா. எனக்கு இனிமே எவன் மிஷின் குடுப்பான்னுதான் யோசனையா இருக்கு."

அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். அம்மாவின் முகமும் அண்ணனின் முகமும் வந்தன. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தாள். பயமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. கடைசியில் களிமண் என்று தாளின் ஓரத்தில் எழுதி, மிஷின்காரர் சொன்னதையும் தேதியோடு சேர்த்து, அதற்குக் கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அதைப் படித்துப் பார்த்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"பரவாயில்லம்மா. புதுசா ஒருத்தர் வர்றாரு, அவர் போட்டுக்குவாரு" என்றார்.

மாதக் கடைசியில் அவள் துணிப் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றாள். அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "வந்து சேரு, பாத்துக்கலாம்" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கனத்தது.

ஒரு லாரி வந்து நின்றது. சுரங்கம் தோண்ட ஆட்கள் மூட்டைகளோடு குதித்து இறங்கினார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அவள் கழுத்தில் தொங்கிய லென்ஸைப் பார்த்துக் கிட்டே வந்தார்.

"கல்லு பாக்கறவங்களாம்மா நீங்க? உள்ள எப்படி, கெட்டிதானே?"

"எல்லா இடமும் இல்லண்ணே." அவள் மலையை நோக்கிக் கையை நீட்டினாள். "ஏழுன்னு எழுதின கொடி தெரியுது பாருங்க. அதுக்கு நேர் கீழ களிமண் இருக்கு. முட்டுக் குடுக்காம அங்க போகாதீங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

அவர் கண்ணை இடுக்கிக் கொடியைப் பார்த்தார். "இத எழுதிக் குடுத்துட்டீங்கல்ல?"

"எழுதிக் குடுத்தேன்ணே."

"அப்ப சரி." அவர் முகம் தெளிந்துவிட்டது. "எழுதிக் குடுத்தாச்சுன்னா அவங்க பாத்துக்குவாங்க."

அவள் மேலே பேசுவதற்குள் உள்ளேயிருந்து விசில் ஊதினார்கள். அவர் ஓடிப்போய் வரிசையில் நின்றார். அங்கே அவருக்குக் கொடுத்த பாதுகாப்புத் தொப்பி பெரிதாக இருந்து கண்ணை மறைத்தது. கழுத்துத் துணியை எடுத்து மடித்து உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு, இப்போது சரியாக இருக்கிறது என்று பக்கத்து ஆளிடம் காட்டினார்.